கேனுக்கு ஒரு ஃபாரம்

இனிமேல் என் வாயிலிருந்து ‘கேன்’ என்ற சொல் வராது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், சிவப்பு விளக்கில் நின்றபடி இந்த முடிவை எடுத்தேன். பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சத்தமாக எடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

நான் சொல்வது தண்ணீர் பிடிக்கும் கேன் இல்லை. ‘முடியும்’ என்பதற்கு வெள்ளைக்காரன் வைத்த கேன். பாவம், அவன் அதை ஏதோ இரண்டு மூன்று வேலைக்குத்தான் வைத்திருந்தான். பினாங்கில் இறங்கியதும் அதற்குக் கை, கால், வால் எல்லாம் முளைத்துவிட்டது. ‘கேன்’ என்று நறுக்கென்று சொன்னால் செய்கிறேன் என்று அர்த்தம். ‘கேன் லா’ என்றால் செய்கிறேன், ஆனால் என் மூஞ்சியைப் பார்க்காதே. ‘கேன், கேன்’ என்று இரண்டு தடவை வந்தால் இந்த ஜென்மத்தில் நடக்காது. ‘ஆல்சோ கேன்’ என்றால் பிடிக்கவில்லை, உனக்காக விழுங்கித் தொலைக்கிறேன்.

இத்தனையும் என் மனைவி ரூபினிக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, நான் எந்தக் கேனைச் சொன்னாலும் முதல் கேனாகவே எடுத்துக்கொள்வாள். அவள் கேட்கும் ‘கேன் ஆ?’ மட்டும் கேள்வியே கிடையாது. கேள்விக்குறி போட்ட உத்தரவு.

இப்படி நாலு ஞாயிற்றுக்கிழமை பறிபோயிற்று. ஒரு ஞாயிறு அவள் தோழியை விமான நிலையத்தில் விட்டேன். ஒரு ஞாயிறு அவள் அக்கா வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினேன். மற்ற இரண்டும் திரைச்சீலை வாங்குவதிலும் மாட்டுவதிலும் போயின. பக்கத்து வீட்டு ஹைதருக்கு லிட்டில் இந்தியாவில் நாணயம் மாற்றும் கடை, கடலில் ஒரு படகில் பங்கு. வாராவாரம் மீன் பிடிக்கக் கூப்பிடுவான். அதற்காகவே புதுத் தூண்டில் வாங்கினேன். ரூபினி அதில் துணியைச் சுற்றி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வார ஞாயிறு அவள் தம்பி அர்ஜுனன் வீடு மாற்றுகிறான் என்று காதில் விழுந்தது. என்னை எதற்குக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

தொழிற்சாலையில் நான் தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளன். அங்கே ஒரு திருகாணியை மாற்றுவதென்றாலும் ஃபாரம். கேட்பவர் எழுதிக் கேட்க வேண்டும். மேலே உள்ளவர் கையெழுத்துப் போட வேண்டும். முடியாதென்றால் காரணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எல்லாம் குறிக்க வேண்டும். அங்கே என்னை எவனும் ஏய்த்ததில்லை. ஆகவே வீட்டுக்கும் ஒரு ஃபாரம் தயாரித்தேன். இருபது பிரதி எடுத்து ஐஸ்பெட்டிக் கதவில் மாட்டினேன்.

“இது என்னாங்க?”

“ஃபாரம். இனிமே வாயால கேக்கற வேலையே இல்ல. எழுதிக் கேளு. படிச்சிட்டு கையெழுத்து போடுவேன்.”

“கொத்தமல்லி வாங்கணும்னாலுமா?”

“கொத்தமல்லின்னாலும்.”

சண்டைக்குத் தயாராக நின்றேன். வரவில்லை. நகைக்கடை ரசீதைப் படிப்பதுபோல் முன்னும் பின்னும் திருப்பிப் படித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. வாயால கேன்னு சொல்லிட்டு அப்புறம் நான் அந்த கேன் சொல்லல, இந்த கேன் சொன்னேன்னு கத விடுவீங்க. இது கையெழுத்து லா. மாத்திப் பேச முடியாது.”

“அதேதான்!” என்றேன். மனைவி நம் திட்டத்தைப் பாராட்டினால் அன்றைக்கே வீட்டை விட்டு ஓடிவிட வேண்டும். நான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை முதல் ஃபாரம் வந்தது. ‘ஞாயிறு, செபராங் ஜெயாவுல அர்ஜுனன் வீடு மாத்தறான். மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல. வாஷிங் மெஷின், ரெண்டு அலமாரி, தேக்குக் கட்டில் ஒண்ணு. கேன் ஆ?’

‘முடியாது’ என்ற கட்டத்தில் குறி போட்டேன். கல்யாணமாகி பதினேழு வருஷத்தில் அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததே இல்லை.

“காரணம் எழுதலியே?”

“காரணமா?”

“நீங்க போட்ட கட்டம்தான். காலியா விட்டா செல்லாதுன்னு கீழ நீங்கதான் எழுதியிருக்கீங்க.”

மீன் பிடிக்கப் போகிறேன் என்று எப்படி எழுதுவது? ‘முதுகு வலி’ என்று எழுதினேன்.

“ஐயோ! எப்பலேர்ந்து?”

“கொஞ்ச நாளா.”

“சொல்லவே இல்லியே. எது வரைக்கும்? தேதி போடுங்க.”

இந்த இடத்தில்தான் பேராசை பிடித்தது. அர்ஜுனனுக்குப் பிறகு அவள் அத்தை வீட்டுச் சுவருக்குச் சாயம் அடிக்க வேண்டும் என்ற பேச்சு இருந்தது. ஒரேயடியாகத் தப்பிவிடலாமே என்று முழுசாக ஒரு மாதம் போட்டேன்.

“ஒரு மாசமா?”

“முதுகு லா. வெளையாட்டா?”

“சரி, கையெழுத்து போடுங்க.”

அடியில் ஒரு சுழி சுழித்துப் போட்டேன். அவள் உடனே கைப்பேசியில் படம் எடுத்தாள்.

“எதுக்கு?”

“அர்ஜுனனுக்கு காட்டணும்ல. இல்லாட்டி நான் பொய் சொல்றேன்னு நெனப்பான்.”

சனிக்கிழமை சாயங்காலம் தூண்டிலிலிருந்து ஒட்டடையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். ஹைதர் நின்றான். கையில் தைலப் புட்டி.

“அண்ணே, இப்ப எப்டி இருக்கு?”

“எது தம்பி?”

“முதுகு. அக்கா ஃபாரத்த காட்டுனாங்க. ஒரு மாசமா! எனக்கு மனசே கேக்கல.”

திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் ரூபினி முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு நின்றாள்.

“அதெல்லாம் சும்மா தம்பி. நாளைக்கு படகுக்கு வர்றேன். கேன், கேன்.”

“ஹவ் கேன், அண்ணே? அல அடிச்சா படகு தூக்கித் தூக்கிப் போடும். எங்க வாப்பா இப்டித்தான் வீம்புக்கு வந்து ஆறு மாசம் படுத்துட்டாரு.”

“இப்ப வலி அவ்வளவா இல்ல தம்பி.”

“வலி இல்லியா?” என்று ரூபினி முன்னால் வந்தாள். “அப்ப அர்ஜுனனுக்கு ஃபோன் போட்டு, மச்சான் வர்றாருன்னு சொல்லட்டுமா?”

மூணாவது மாடி கண் முன்னால் வந்தது. பின்னாலேயே தேக்குக் கட்டில் வந்தது.

“வலி இருக்கு,” என்றேன். “விட்டு விட்டு வருது.”

“பாத்தீங்களா!” என்றான் ஹைதர். “கவலப்படாதீங்க அண்ணே. உங்க எடம் சும்மா போகல. ஆளு கெடச்சிருச்சு.” தைலத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனான். நல்ல பையன். அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது.

ஞாயிறு விடிந்ததும் மேசையில் ஐந்து ஃபாரம். பூண்டு உரிக்க வேண்டும். துணி மடிக்க வேண்டும். கறிவேப்பிலை உருவ வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் ‘உக்காந்து செய்யற வேல’ என்று கோடிட்டு எழுதியிருந்தாள். பூண்டு உரித்தால் முதுகு வலிக்கும் என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஐந்திலும் கையெழுத்துப் போட்டேன். முதுகில் தைலம் எரிந்தது. அவளே தேய்த்துவிட்டிருந்தாள், கொஞ்சம் அழுத்தியே.

மத்தியானம் கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். படத்தில் கடல். கடலில் ஹைதரின் படகு. படகில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, கை நீளத்துக்கு ஒரு சியாக்காப் மீனைத் தூக்கிப் பிடித்தபடி அர்ஜுனன்.

“இவன் எங்க அங்க? இன்னிக்கு வீடு மாத்தறான்னு சொன்ன!”

“வெள்ளிக்கிழமையே மாத்திட்டான். உங்க ஃபாரத்த பாத்ததும் பயந்துபோய் லாரி பிடிச்சிட்டான். லாரியோட நாலு ஆளு வந்தாங்க. ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருச்சு. ஹைதர் படகுக்கு ஒரு ஆளு வேணும்னான், இவன அனுப்பிட்டேன்.”

“அப்ப நேத்து சாயங்காலம், ஃபோன் போட்டு மச்சான் வர்றாருன்னு சொல்லட்டுமான்னு கேட்டியே?”

“கேட்டேன். நீங்க சொல்லுன்னு சொல்லலியே.” ஒரு பூண்டை எடுத்துப் பார்த்து, சரியாக உரிக்கவில்லை என்று திரும்பப் போட்டாள். “வலி இல்லன்னு ஒத்த வார்த்த நெசம் பேசியிருந்தா, இந்நேரம் அந்த மீன் உங்க கையில இருந்திருக்கும்.”

அவள் ஆறாவது ஃபாரத்தை நீட்டினாள். அர்ஜுனன் மீனோடு வருகிறானாம். செதில் எடுத்து, கழுவி, துண்டு போட வேண்டுமாம், உட்கார்ந்தபடியே.