மைனஸ் ரெண்டேகால் நத்தை

சனிக்கிழமை காலை கண்ணாடிக்கடைக்காரர் ஒரு சபதம் செய்தார். சும்மா வாயால் செய்யவில்லை. கண் பவர் எழுதிக் கொடுக்கும் சீட்டை எடுத்து, நாலடி தள்ளி நின்றாலும் படிக்கும்படி கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

'குட்டிப்பூதம் ஒன்பதாம் பாகத்தை என் கையால் தொட மாட்டேன். தொட்டால், சின்ன ரூமைக் காலி செய்து என் மனைவியிடம் ஒப்படைக்கிறேன்.'

முதல் வாக்கியம் அவருடையது. இரண்டாவது வாக்கியம் மனைவி சொல்லி எழுதியது.

குட்டிப்பூதம் என்பது ஒரு வீடியோ கேம். காடு மேடெல்லாம் அலைந்து பூதங்களைப் பிடிக்க வேண்டும். பிடித்த பூதத்துக்குப் பெயர் வைத்து வளர்க்க வேண்டும். வளர்ந்ததைச் சண்டைக்கு அனுப்ப வேண்டும். அவர் பன்னிரண்டு வயதில் முதல் பாகம் விளையாடியபோது மொத்தம் நூற்று இருபது பூதங்கள். அத்தனை பெயரையும் பல் தேய்த்து முடிப்பதற்குள் வரிசையாகச் சொல்லிவிடுவார். நாலாம் பாகம் வரை ஆளும் கட்சியாக இருந்தவர், ஐந்தாம் பாகம் வந்ததும் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டார். இணையத்தில் 'முதல் பாகத்தார் சங்கம்' என்று ஒரு குழு. நாற்பத்திரண்டு உறுப்பினர்கள். புதுப் பாகங்களைத் திட்டுவது ஒன்றே நோக்கம். நம் கடைக்காரர்தான் தலைவர்.

வீட்டில் இருந்த சின்ன ரூம் முழுக்க முதல் நான்கு பாகங்கள்தான். கண்ணாடி அலமாரி, பழைய பெட்டிகள், சுவரில் படங்கள், நூற்று இருபது பொம்மைகள். மனைவி அந்த ரூமை ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். நாள் முழுக்க மைக்கில் "ஏழாம் நம்பர் வண்டி கிளம்பலாம்" என்று கத்துகிறவள்.

"எனக்குன்னு ஒரு மேசை, ஒரு நாற்காலி, சாத்திக்க ஒரு கதவு. அவ்வளவுதாங்க கேக்கறேன்" என்பாள்.

"பூதங்க எங்க போகும்?"

"பிடிச்சவருக்குத்தான் தெரியும்."

சபதம் ஒட்டிய அன்று அவள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் நின்று கைவீசிப் பேசினார்.

"ஆயிரம் பூதமாம்! யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதுல ஒண்ணு என்ன தெரியுமா? இஸ்திரிப்பெட்டி! இஸ்திரிப்பெட்டிக்கு ரெண்டு கண்ணு வெச்சா பூதமாயிடுமா? கற்பனை வத்திப்போச்சு!"

"இந்த இஸ்திரிப்பெட்டியை நீங்க தொட்டு எத்தனை நாளாச்சு?"

"பேச்சை மாத்தாதே."

"மாத்தலை. இந்த வாரம் உங்க முறை. அதைச் சொன்னேன்."

அவர் சங்கத்துக்கு அறிக்கை எழுத வேண்டிய அவசர வேலை இருந்ததால் நகர்ந்துவிட்டார்.

சபதம் திங்கட்கிழமை பகல் பதினொன்றரை வரை தாக்குப்பிடித்தது.

காரணம் நியாயமானதுதான். விளையாடாமலே திட்டினால், கண்ணைப் பார்க்காமலே கண்ணாடி கொடுத்த மாதிரி ஆகாதா? தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. அதனால்தான் வாங்கினார். வாங்கியதைக் கடையின் பின்பக்கம், கண் பரிசோதிக்கும் இருட்டறையில், லென்ஸ் பெட்டிக்குள் ஒளித்தார். ஆட்டம் பெயர் கேட்டது. மாட்டிக்கொள்ளக் கூடாது பாருங்கள், ரொம்ப யோசித்து 'நான் இல்லை' என்று பெயர் கொடுத்தார்.

முதல் அரை மணி நேரம் அவருக்குப் பரம சந்தோஷம். அவ்வளவு மோசமாக இருந்தது. ஆட்டத்துக்குள் ஒரு தோழி கூடவே வந்து, கதவை எப்படித் திறப்பது என்று மூன்று தடவை விளக்கினாள். தூரத்து மலை கிட்டே போனால்தான் தெளிவாகத் தெரிந்தது. ஆட்டத்துக்கே கிட்டப்பார்வை! அவருக்கு உயிரான குடைப்பூதத்தைக் காணவே காணோம். பவர் சீட்டில் வரிசையாகக் குறை எழுதினார். பதினொன்று ஆயிற்று.

பன்னிரண்டாவது குறைக்குப் பேனாவை எடுத்தபோது ஆட்டத்தில் மழை பெய்தது. ஒரு பெரிய இலைக்கடியிலிருந்து நத்தைப்பூதம் ஒன்று தலையை நீட்டியது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பார்த்தது.

பிடித்தார். பிடித்ததும் அது அவர் பக்கத்திலேயே நடந்து வந்தது. அவர் நின்றால் நின்றது. நின்று, அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தது. முதல் பாகத்தில் எந்தப் பூதமும் அவரை அப்படி அண்ணாந்து பார்த்ததில்லை. அங்கே பூதங்கள் பைக்குள் இருக்கும், கூப்பிட்டால் வரும், அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது குறை எழுதப்படவே இல்லை.

பூதங்களுக்கு அவர் லென்ஸ் நம்பரைத்தான் பெயராக வைப்பார். அவருக்கு வேறு பெயர் தோன்றாது. இந்த நத்தை கண்ணைச் சுருக்கிய அழகு அவருக்கு எதையோ நினைவூட்டியது. பத்து வருஷத்துக்கு முன் இதே இருட்டறையில் ஒரு டைம்கீப்பர் உட்கார்ந்து, சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையில் நாலாவது வரியைத் தெரியாமலே தெரிந்த மாதிரி படித்தாள். அவளுடைய இடது கண் பவர் என்ன? கை தானாக எழுதியது: 'மைனஸ் ரெண்டேகால்.'

வியாழக்கிழமைக்குள் நத்தை வளரும் தறுவாய்க்கு வந்துவிட்டது. இனிமேல்தான் சிக்கல். முதல் பாகத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. சில பூதங்கள் கை மாறினால்தான் வளரும். இன்னொரு ஆட்டக்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர் கையில் அது வளரும். உடனே திருப்பித் தந்துவிட வேண்டும். திருப்பித் தராதவன் மனுஷனே இல்லை என்று சங்கத்தில் பலமுறை முழங்கியவர் நம் தலைவர். ஆனால் இப்போது யாரிடம் கொடுப்பது? சங்கத்தில் கேட்டால் மானம் போகும்.

அன்று மதியம் இருட்டறையில் இருந்தபோது திரை மினுங்கியது. 'முப்பதடிக்குள் ஓர் ஆட்டக்காரர் இருக்கிறார். பெயர்: பத்து நிமிஷம் லேட்.'

கடையில் யாரோ விளையாடுகிறார்கள்! அவர் ஒரு நொடி யோசித்தார். மறு நொடி நத்தையை அனுப்பிவிட்டார். பதிலுக்கு ஒரு பூதம் வந்து விழுந்தது.

இஸ்திரிப்பெட்டி.

இரண்டு கண்ணோடு அவரைப் பார்த்துப் புகை விட்டது. சரி, போகட்டும், நத்தை திரும்பி வரும் என்று காத்திருந்தார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். 'பத்து நிமிஷம் லேட்' திருப்பித் தரவே இல்லை.

வெள்ளைக் கோட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். பெஞ்சில் மூன்று பேர். ஒரு வக்கீல், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர், மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். மூன்றாவது, அவருடைய மனைவி. சாப்பாட்டு இடைவேளையில் கண்ணாடி திருகு இறுக்க வந்தவள், ஒரு வாரப் பத்திரிகையை முகத்துக்கு நேராக விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

தூங்குகிறவர் திருட முடியாது. மனைவி மனைவி. மிச்சம் இருப்பது போலீஸ்காரர். அவர் வந்ததும் பத்து நிமிஷம் லேட்டாகத்தான்! கடைக்காரருக்கு ரத்தம் கொதித்தது. உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

"கையில வெச்சு ஏதாவது சின்னதா பாப்பீங்களா சார்?"

"பேப்பர் படிப்பேன்."

"அதில்லை. பிடிக்கிற மாதிரி ஏதாவது?"

"சர்வீஸ்ல நிறைய பிடிச்சிருக்கேன்."

"பிடிச்சதைத் திருப்பிக் கொடுப்பீங்களா சார்?"

போலீஸ்காரர் லென்ஸுக்குப் பின்னாலிருந்து அவரை உற்றுப் பார்த்தார். "ஏன் தம்பி, உங்க வீட்ல ஏதாவது காணாமப் போச்சா?"

அன்று வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்னங்க, முகமே சரியில்லை?" என்றாள் மனைவி.

"ஒருத்தரை நம்பி ஒண்ணு கொடுத்தேன். திருப்பித் தரலை."

"அடப்பாவமே. முக்கியமானதா?"

"உயிர்."

"அப்போ பத்திரமாத்தான் வெச்சிருப்பாங்க" என்றாள் அவள், மிகவும் கரிசனமாக.

வெள்ளிக்கிழமை அதே நேரம் திரை மறுபடி மினுங்கியது. பத்து நிமிஷம் லேட்! இந்த ஆட்டத்தில் முன்பின் தெரியாதவர்களோடு பேச வசதி கிடையாது. பூதங்களை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆகவே அவர் ஒரு சுண்டெலிப்பூதத்தைப் பிடித்து அதற்கு 'நத்தை எங்கே' என்று பெயர் வைத்து அனுப்பினார். உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு மீன் வந்தது. அதற்கும் ஒரு பெயர் இருந்தது.

'ரூம் எப்ப காலி?'

கடைக்காரர் இரண்டு தடவை படித்தார். இந்த உலகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான்.

இருட்டறைக் கதவை மெல்லத் திறந்தார். போலீஸ்காரர் புதுக் கண்ணாடி வாங்க வந்து பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் அதே வாரப் பத்திரிகை. அது மெல்லக் கீழே இறங்கியது. பின்னால் மனைவி. அவள் கையில் ஆட்டக்கருவி.

"நீயா?"

"நான் இல்லைன்னு நான் சொல்லலையே. நீங்கதானே பேரே அப்படி வெச்சிருக்கீங்க."

"எத்தனை நாளா?"

"அஞ்சாம் பாகத்துல இருந்து. டிப்போல, பஸ்ஸுக்கு பஸ் நடுவுல."

"அஞ்சு பாகமா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா முதல் பாகத்தைப் பத்தி மூணு மணி நேரம் பேசுவீங்க. நான் எப்பங்க விளையாடறது?"

அவர் வேறு பக்கம் பாய்ந்து பார்த்தார். "நான்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"உலகத்துல எவன் நத்தைக்கு மைனஸ் ரெண்டேகால்னு பேர் வைப்பான்?" அவள் எழுந்து நின்றாள். "அதுவும் என் இடது கண்ணு! கண்ணைச் சுருக்கிட்டு முழிக்கிற நத்தையைப் பாத்ததும் என் ஞாபகம் வந்துச்சாக்கும்?"

"அது... அன்புல வெச்சதும்மா."

அவள் முகம் ஒரு நொடி இளகியது. அவர் அதைப் பார்த்துவிட்டார். தப்பித்தோம் என்று நினைத்தார்.

"அன்புன்னு தெரியும். அதனாலதான் சீட்டைக் கிழிக்காம பத்திரமா வெச்சிருக்கேன்" என்று கைப்பையிலிருந்து ஃப்ரிட்ஜ் சபதத்தை எடுத்து நீட்டினாள்.

போலீஸ்காரர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைக் கடைசி வரி வரை படித்தார். "எழுத்து தெளிவா தெரியுதுப்பா" என்றார். "கையெழுத்துகூட."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்ன ரூம் காலியானது. கண்ணாடி அலமாரி வரவேற்பறைக்கு வந்தது. நூற்று இருபது பொம்மைகளையும் அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தார். மனைவி ஒரு மேசை போட்டாள். ஒரு நாற்காலி போட்டாள். கதவைச் சாத்தித் திறந்து பார்த்தாள். மறுபடி சாத்திப் பார்த்தாள். அப்படி ஒரு திருப்தி அவள் முகத்தில்.

"இன்னும் ஒண்ணு பாக்கி. உங்க சங்கத்துக்கும் சொல்லிடுங்க" என்றாள். "சொன்னாத்தான் நத்தை."

"என்னைத் தூக்கி வெளிய போட்டுடுவாங்க!"

"நத்தை நல்லா சாப்பிடுது. அவசரமே இல்லை."

அவர் தட்டினார். 'சங்கத்தாரே, நான் ஒன்பதாம் பாகம் விளையாடிவிட்டேன். பதினொரு குறை இருக்கிறது. ஆனால் பூதம் அண்ணாந்து பார்க்கிறது. மன்னிக்கவும்.' அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் சங்கத்தின் செயலாளர் எழுதினார். நாலாம் பாகத்துக்குப் பிறகு வந்ததெல்லாம் குப்பை என்று தினமும் காலை வணக்கத்தோடு எழுதுகிறவர் அவர்.

'தலைவரே, பதினொன்றுதானா? நான் பதினேழு எழுதி வைத்திருக்கிறேன். அது இருக்கட்டும். நத்தை உபரியாக ஒன்று கிடைக்குமா?'

அதற்குக் கீழே இன்னொருவர். அதற்குக் கீழே இன்னும் நாலு பேர். ஒருவர் கழிவறையில் வைத்து விளையாடுகிறாராம். ஒருவர் 'யோகா வகுப்பு' என்று சொல்லிவிட்டுப் போகிறாராம். குடைப்பூதத்தை விட்டுவிட்டார்களே என்று எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள். தோழியின் வாயை எப்படி அடைப்பது என்று எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள். திட்டிக்கொண்டேதான் விளையாடினார்கள் அத்தனை பேரும்.

கடைக்காரர் சோபாவில் சாய்ந்தார். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த யானை எழுந்து போன மாதிரி இருந்தது. இனி லென்ஸ் பெட்டி வேண்டாம், இருட்டறை வேண்டாம். சொந்த வீட்டில், சொந்த சோபாவில், ஜன்னல் வெளிச்சத்தில் காலை நீட்டி விளையாடலாம். ரூம் போனதுகூட அவ்வளவாக வலிக்கவில்லை.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து சிக்னல் வந்தது. திரை மினுங்கியது. மைனஸ் ரெண்டேகால்! வளர்ந்து, ஓடு மினுமினுக்க, கொம்பு நீட்டி வந்து நின்றது. அவரைப் பார்த்ததும் அதே மாதிரி கண்ணைச் சுருக்கியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப தேங்க்ஸ்ம்மா!" என்று கதவைப் பார்த்துக் கத்தினார்.

பதிலுக்குத் திரை இன்னொரு தடவை மினுங்கியது. இன்னொரு பூதம் வந்து இறங்கியது. இரண்டு கண், ஒரு பிடி, புகை. இஸ்திரிப்பெட்டி.

மனைவி அதற்குப் பெயர் வைத்திருந்தாள்: 'இந்த வாரமும் உங்க முறை.'