மாதிரி போதவில்லை

ஈப்போவிலிருந்து மின்னஞ்சல் வந்தபோது ஹில்டா குளியலறையில் பாக்டீரியாவுக்கு வெல்லப்பாகு ஊற்றிக்கொண்டிருந்தாள். இந்த முறையும் அதே வாசகம்: மாதிரி போதவில்லை. இருநூறு லிட்டர் அனுப்பவும்.

கமுந்திங் கையுறைத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் ஹில்டா. ஆட்குறைப்பில் வேலை போனதும், சுங்கை சிப்புட் வீட்டிலேயே அன்னாசித் தோலைப் புளிக்கவைத்து, நாற்றத்தைத் தின்னும் பாக்டீரியாக் கரைசல் ஒன்றைத் தயாரித்தாள். சந்தைக் கோழிக்கடைக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கில் ஊற்றிய மூன்றாம் நாள், சாக்கடை அங்கே இருப்பதே தெரியவில்லை.

இப்படி உயிரியல் முறையில் பொருள் செய்பவர்கள் உற்பத்தியைப் பெருக்க அரசாங்கம் பெரிய தொட்டி வாங்கித் தருகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தாள். தொட்டி கிடைத்தால், தன்னோடு வேலை இழந்த நான்கு பெண்களையும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அவர்கள் வாரா வாரம் போன் போட்டு விசாரித்தார்கள்.

ஈப்போவில் இருந்த திட்ட அலுவலகமோ மாதிரி கேட்டது. ஒரு போத்தல் அனுப்பினாள். பத்தாது, ஐந்து லிட்டர் வேண்டும் என்றார்கள். கோயில் திருவிழாவுக்குச் சோறு வடிக்கும் பானையை இரவல் வாங்கி அதையும் அனுப்பினாள். பிறகு இருபது. இப்போது இருநூறு.

"தொட்டி இல்லன்னுதானே அவங்ககிட்ட போனேன்? தொட்டி இருந்தாதான் குடுக்க முடியுற அளவு கேக்குறாங்களே, இது என்னா நியாயம்?" என்றாள் கணவனிடம்.

லாரி ஓட்டும் கேப்ரியலுக்கு நியாயம் தெரியவில்லை. ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் கொண்டுவரத் தெரிந்தது. பீப்பாய் குளியலறையை அடைத்துக்கொண்டது. கேப்ரியல் பெட்ரோல் நிலையத்தில் குளித்துவிட்டு வேலைக்குப் போனான். புளித்த வாடை பொறுக்காமல், ஒருநாள் நல்லெண்ணத்தோடு மூடியை இறுக்கித் திருகிவிட்டான். உள்ளே வாயு சேர்ந்து, மறுநாள் மூடி கூரைத் தகட்டைப் பிய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கார்மேல் விழுந்தது.

பக்கத்து வீட்டார் புகார் செய்தார்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் தொழிற்சாலை நடத்துவதாக நோட்டீஸ் வந்தது. ஹில்டா பழைய ரப்பர் தோட்டத்தில் காலியாகக் கிடந்த, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தை வாடகைக்கு எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். வெல்லப்பாகைக் குரங்குகள் கண்டுபிடித்தன. இரண்டு வாரம் கையில் கம்போடு அங்கேயே காவல் இருந்தாள்.

ஒருவழியாகப் பீப்பாய் நிறைந்தது. இனி தபால் கிடையாது, நேரில் போலாம் என்று கேப்ரியலின் லாரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்பட்டாள். மின்னஞ்சல்களில் கையெழுத்திட்ட அதிகாரி தர்மேந்திரனிடம் கேட்க வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். ஏழை ஜனங்களை அலைக்கழிக்கத்தான் இந்தத் திட்டமா? என் கரைசலை யாராவது ஒரு தடவையாவது திறந்து பார்த்தீர்களா?

அதிகாரி கூட்டத்தில் இருப்பதாக முகப்பில் சொன்னார்கள். ஹில்டா பீப்பாயைத் தாழ்வாரத்தின் நடுவில் நிறுத்தி, பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

துடைப்பக்கட்டையோடு வந்த துப்புரவுப் பணியாளர் மங்களம், பீப்பாயில் ஒட்டியிருந்த பெயரைப் படித்ததும் முகம் மலர்ந்தாள்.

"இத அனுப்புறது நீங்கதானாக்கா? மூனு மாடி கக்கூஸும் இப்ப வாடையே இல்ல. நாலாவது மாடிக்குப் பத்தலன்னு நான்தான் சார்கிட்ட இன்னும் கொஞ்சம் கேக்கச் சொன்னேன் லா."