சமாதானத்துக்குப் பச்சை பெயிண்ட் உபயம்

சமாதானம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. புத்தரைக் கும்பிடும் வீட்டில் பிறந்தவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான். என்ன செய்ய? பதிமூன்று வயதில் ஊரைச் சமாதானம் பண்ணக் கிளம்பி, சொந்த வீட்டுக்கே வேட்டு வைத்தவள் நான். (தங்கச் சுரங்கத்து ஊரில் வேட்டு வைப்பதை யாரும் வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது தினப்படி வேலை.)

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடைகாலம். கோலார் தங்கச் சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீப்ஸில் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளுக்கு லைன் என்று பெயர். எங்கள் லைனுக்கும் பின் லைனுக்கும் குழாயடியில் சண்டை வந்தது. குடத்தில் ஆரம்பித்து மண்டையில் முடிந்தது. உடைந்த மண்டை பின் லைன் ஏகாம்பரத்துடையது. உடைத்த கூட்டத்தில் முன்வரிசையில் நின்றவர் என் அப்பா. நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம்.

பெரியவர்கள் திருந்த மாட்டார்கள், பிள்ளைகளை வைத்துத் திருத்துவோம் என்று பள்ளிக்கூடத்தில் முடிவெடுத்தார்கள். ரோட்டைப் பார்த்த காம்பவுண்டுச் சுவரில் மாணவர்களே சமாதானப் படம் வரைய வேண்டும். டிராயிங் மாஸ்டர் மாசிலாமணி சார் என்னைத் தலைவியாகப் போட்டார். எனக்கு வரைய வரும் என்பதற்காக அல்ல, மற்றவர்களை அதட்ட வரும் என்பதற்காக.

"ஸ்கூல்ல பெயிண்ட் இல்லை. அவங்கவங்க வீட்டுல என்ன கலர் இருக்கோ எடுத்துட்டு வாங்க" என்றார் சார். அவர் சேலத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீடுகளில் என்ன கலர் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பச்சை. எல்லா வீட்டிலும் ஒரே பச்சை. கதவு பச்சை, டிரங்குப் பெட்டி பச்சை, தொட்டில் கட்டை பச்சை. மைனில் ஷெட்டுக்கும் கைப்பிடிக்கும் தள்ளுவண்டிக்கும் அடிக்கிற கம்பெனிப் பச்சை. நைனா மைனின் மேல்தளத்தில், அதாவது சர்ஃபேஸில், பெயிண்டர். ஷிஃப்ட் முடிந்து வரும் ஆட்களைக் கேட்டில் நிறுத்தித் தலைமுடியைக் கலைத்துப் பார்ப்பார்கள், வாயைத் திறக்கச் சொல்வார்கள், செருப்பைத் தட்டச் சொல்வார்கள். பெற்ற பிள்ளை முன்னால் செய்ய முடியாத சோதனையெல்லாம் செய்வார்கள். தேடுவது தங்கம். பச்சை பாட்டுக்கு டிபன் கேரியரின் அடித்தட்டில் வீடு வந்து சேர்ந்துவிடும். அதைத் திருட்டு என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் மாட்டினால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும், வீடு கம்பெனியுடையது. இது எங்கள் லைனில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த வாரம் மட்டும் மறந்துவிட்டது.

படம் என்றால் படம், அப்படியொரு படம். பச்சை உலக உருண்டை, அதைச் சுற்றிக் கைகோத்த பச்சை மனிதர்கள். புத்தர், ஏசு, முருகன் மூவரையும் நானே வரைந்தேன். மூவருக்கும் என் தாய்மாமன் முகம். (எனக்கு வந்தது அந்த ஒரு முகம்தான்.) உச்சியில் புறா. ஒருத்தி கொட்டாங்கச்சியில் கொண்டுவந்த வெள்ளை பாதிப் புறாவிலேயே தீர்ந்துபோனதால் மீதிக்குப் பச்சை அடித்தோம். சமாதானப் புறா கிளியாக முடிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். விடுவேனா? எங்கள் ஊரில் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தால்கூட, வெளிச்சம் வெளியே வராதபடி அதன் மேல் உபயம் என்று பெயர் எழுதுவார்கள். பெயர் போடாத தர்மம் ஒரு தர்மமா? கடைசி நாள் காலையில், படத்துக்குக் கீழே சுவரின் நீளத்துக்கு முத்து முத்தாக எழுதினேன்: "பச்சை பெயிண்ட் உபயம்: தங்கவேலு, பெயிண்டர், சர்ஃபேஸ்." பக்கத்தில் நைனாவின் கம்பெனி டோக்கன் நம்பர். லைனுக்கு மூன்று தங்கவேலு இருக்கிற ஊரில் நம்பர் போடாவிட்டால் யாருக்குப் புண்ணியம் போய்ச் சேரும்? இப்படி இருபது அப்பாக்களின் பெயர், வேலை, நம்பர். போலீஸ் எழுதினால்கூட இவ்வளவு விவரமாக எழுதாது. சார் பார்த்துவிட்டு, "பலே யசோதரா!" என்றார்.

அன்றே, சனிக்கிழமை நாலு மணிக்குத் திறப்பு விழா. சிறப்பு விருந்தினர் மைனின் செக்யூரிட்டி அதிகாரி. (வெள்ளைக்காரன் போய்விட்டான், துரை என்ற பெயர் போகவில்லை. அவரும் செக்யூரிட்டி துரைதான்.) தொழிலாளி வாய்க்குள் கையை விட்டுத் தேடுகிற இலாகாவின் தலைவர் சமாதானத்தைத் திறந்து வைக்க வருகிறார்!

மூன்று மணிக்கு, பகல் ஷிஃப்ட் முடிந்த கூட்டம் அந்த வழியாக வந்தது. நைனா சுவரருகே நின்று, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"யாருடி இத எய்தனது?"

"நாந்தான் நைனா. எழுத்து நல்லா கீதா?"

"நல்லா கீது. கோர்ட்ல படிச்சா இன்னும் நல்லா இருக்கும்."

"இன்னா நைனா சொல்ற?"

"வர்றவன் யாருன்னு தெரியுமா? திருட்டு புடிக்கிறவன்! அவனுக்கு நம்பரோட லிஸ்ட் போட்டு வச்சிகிறியே, பாவி!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் மண்டையில் கட்டோடு ஏகாம்பரம். அவர் பெயரும் ஐந்தாவதாக இருந்தது. "தங்கவேலு, கத்திகினு இருக்காத. எங்கூட்ல அரை டப்பா பச்சை கீது, எட்தாரேன். மேலயே அடிச்சிடலாம்" என்றார். மண்டையை உடைத்தவரும் உடைபட்டவரும் ஒரே டப்பாவில் பிரஷைத் தோய்த்து, பெயர்களின் மேல் புல்வெளி அடித்தார்கள். அந்தப் படத்தால் ஊரில் உண்டான சமாதானம் அது ஒன்றுதான்.

நாலு மணிக்குத் துரை வந்தார். மாலை போட்டார்கள். சுவரருகே போனவர், "புல் நன்றாக வந்திருக்கிறது" என்று விரலால் தொட்டார். விரல் பச்சையானது. முகர்ந்து பார்த்தார்.

"இது மைன் பெயிண்ட். யார் கொடுத்தது?"

கூட்டத்தில் நைனா குனிந்து தரையைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நைனாவைக் காப்பாற்றியே தீருவது என்று முன்னால் போனேன்.

"இது எல்லா ஊர்லயும் கெடைக்கிற பச்சை சார். கோலார்ல நீங்க புதுசா கட்ற வூட்டு கேட்டுக்குக்கூட இதே பச்சைதானே சார்? எங்க நைனாதான் ரெண்டு ஞாயித்துக்கெழமை வந்து அடிச்சாரு!"

முதலில் சிரித்தவர் ஏகாம்பரம். பிறகு ரோடே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர், துரையும் நைனாவும். துரை கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு இரண்டே நிமிடம் பேசினார். எல்லோரும் அமைதியாக இருக்க வேண்டும் என்றார். சிறுவர்கள் முக்கியமாக அமைதியாக இருக்க வேண்டும் என்றார்.

விசாரணை ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து நைனாவுக்கு உத்தரவு வந்தது. சர்ஃபேஸ் பெயிண்டர் வேலை முடிந்தது, இனி அண்டர்கிரவுண்டில் உடைத்த பாறையை அள்ளிப் போட வேண்டும். காரணம், ஆள் பற்றாக்குறையாம்! பதினோரு வருஷம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, அந்தச் சூட்டிலும் தூசியிலும் கல்லை அள்ளினார். அம்மா ஒரு மாதம் என் தட்டில் களியை வைக்கவில்லை, எறிந்தாள். "சமாதானம் வரையப் போனாளாம், சமாதானம்!"

நைனா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் இந்தக் கோபம் எப்போதோ ஆறியிருக்கும். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. இந்த மண்ணைக் குடைந்து எடுத்த தங்கம் எந்தெந்த வீட்டுப் பெட்டிக்குள் போனதோ, அங்கே எவன் வாயையும் யாரும் திறந்து பார்க்கவில்லை. தொட்டிலுக்கு அடித்த ஒரு குவளைப் பச்சைக்கு எங்களிடம் கணக்குக் கேட்டான், தன் கேட்டுக்கு அதே பச்சையை மைனிலிருந்து டப்பா டப்பாவாக வரவழைத்துக்கொண்டவன். அவன் வேலையும் வீடும் அப்படியே இருந்தன.

ரிட்டையரான பிறகு நைனாவுக்கு இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் சர்ஃபேஸ் காலத்துப் பழைய சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெயிண்டர்னு எழுதியிருக்கு. பெயிண்டருக்கு நெஞ்சுல எப்படிய்யா இவ்வளவு கல்லுத்தூசி?"

நைனா என் பக்கம் கையைக் காட்டினார். "எம் பொண்ணு உபயம், டாக்டர்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்கக் கால் மணி நேரம் ஆனது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

நைனா போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. என் தம்பிகள் இன்றும் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். கடைசி வரி வருவதற்குள் பந்தியில் எல்லோரும் என் பக்கம் திரும்பிவிடுவார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, பாதிச் சாப்பாட்டில் கை கழுவப் போய்விடுவேன்.