வேம்புலியம்மன் தெருவுக்கு ஒரு நல்லெண்ணப் படகு

வல்லரசுகள் வெளியுறவுக் கொள்கையை எப்படி வகுக்கின்றன என்று அறிய விரும்புகிறவர்கள் கடல் கடந்து போக வேண்டியதில்லை. பூந்தமல்லியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் பாரிவாக்கம் வந்தால் போதும். ஏரிக்கால்வாய் இருந்த இடத்தில் ‘ராஜமுத்ரா என்க்ளேவ்’ நிற்கிறது. நான்கு பிளாக், பதினான்கு மாடி, ஒரு நீச்சல் குளம். வல்லரசுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அண்டை நாடு ஒன்று வேண்டும். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அதுவும் இருந்தது. வேம்புலியம்மன் தெரு. வல்லரசின் பாத்திரங்களைத் தேய்ப்பவர்களும் கார்களைத் துடைப்பவர்களும் தண்ணீர் கேன் போடுபவர்களும் அந்த நாட்டுக் குடிமக்கள். இதற்கு ‘இருதரப்பு வர்த்தகம்’ என்று பெயர்.

இந்த உறவைப் பேணக் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு வெளியுறவுச் செயலாளர் உண்டு. லட்சுமணன் அந்தப் பதவியில் இருந்தார். மென்பொருள் கம்பெனியில் மேலாளர், தேனிக்காரர். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். அதனாலேயே ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. கீழ்த்தளத்து வாகன நிறுத்தத்தில் தண்ணீர் புகுந்தது. அங்கே சங்கத் தலைவர் செங்கல்வராயனின் புது மின்சாரக் கார் நின்றது. தேச நலன் என்றால் என்ன என்பதில் பல நாடுகளில் குழப்பம் உண்டு. இங்கே இல்லை. தேச நலன் வெள்ளை நிறத்தில், டயர் நனைந்து நின்றது.

பெரிய மோட்டார் போடப்பட்டது. அதன் குழாய் மதிலைத் தாண்டி வேம்புலியம்மன் தெருவில் வாய் திறந்தது.

லட்சுமணன் வீட்டுச் சமையல்காரி சாவித்திரி அன்று காலை புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகியபடி வந்தாள். மிச்ச நேரத்தில் இட்லி மாவு அரைத்து விற்பவள். மாவுக்காகவே ஒரு பிரிட்ஜ் வாங்கியிருந்தாள்.

“சார், ஊட்ல தண்ணி ஏறிகினே கீது. பிரிட்ஜை செங்கல் மேல ஏத்தி வச்சிகீறேன். இன்னும் ஒரு கல்லுதான் முழுகாம பாக்கி. அந்த மோட்டாரை நிறுத்தச் சொல்லு சார்.”

“வருத்தமா இருக்கும்மா. ஆனா மோட்டார் எங்க உள்நாட்டு விவகாரம்.”

“தண்ணி எங்க ஊட்ல கீதே.”

“அது வெளியுறவு. அதுக்கு இப்ப மீட்டிங் இருக்கு.”

“மீட்டிங் முடியறதுக்குள்ள அந்தக் கல்லும் பூடும். பிரிட்ஜுக்கு அடியிலதான் சார் கம்ப்ரஸரு, அதோட உயிரே கீது. அது போனா என் பொழப்பு போச்சு.”

லட்சுமணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டார்.

கூட்டம் கிளப் ஹவுஸில் நடந்தது. அண்டை நாட்டின் சார்பில் ஆட்டோ ஓட்டும் உத்தமன் வந்திருந்தார். காலில் சேறு இருந்ததால் வாசற்படியிலேயே ‘பார்வையாளர்’ தகுதி வழங்கப்பட்டது.

“மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தா என்ன?” என்றார் லட்சுமணன்.

செங்கல்வராயன் கனிவோடு சொன்னார். “எந்த யோசனையா இருந்தாலும் திறந்த மனசோட கேக்கறோம் லட்சுமணன். அதை மட்டும் சொல்லாதீங்க.”

அடுத்து அறிக்கை. சங்கத்தின் வாட்ஸப், முகநூல் எல்லாவற்றையும் கவனிக்கும் காவ்யா எழுந்தாள். “போன மழைக்கே ‘ஆழ்ந்த கவலை’ போட்டுட்டோம் சார். இந்த வாட்டி அதைவிட ஆழமா ஏதாவது வேணும்.”

“எவ்வளவு ஆழம்?” என்றார் செங்கல்வராயன்.

“முட்டிக்கு மேல போட்டுக்கோ” என்றார் உத்தமன் வாசலிலிருந்து. “இன்னா நைனா, தண்ணி வுடறதும் நீங்கோ, கவலைப்படறதும் நீங்கோ. எங்களுக்கும் எதுனா ஒரு வேலை குடுங்கோ.”

“உங்களுக்கு எலுமிச்சை சாதம் தரப்போறோம்” என்றார் செங்கல்வராயன்.

மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, மிக ஆழ்ந்த கவலை. இரண்டு, எலுமிச்சை சாதம். மூன்று, அண்டை நாட்டின் இறையாண்மையை மதித்து, உதவி கொண்டு செல்பவர் எவரும் அந்நிய மண்ணில் கால் வைக்கக் கூடாது. அந்தத் தண்ணீரில் நின்றால் எலிக் காய்ச்சல் வரும் என்று ஒருவர் சொன்னது குறிப்பில் ஏறவில்லை. நீச்சல் குளத்து ரப்பர் படகு ‘நல்லெண்ணப் படகு’ எனப் பெயர் மாற்றம் பெற்றது.

சாதம் கிளற ஆள் வேண்டும். சாவித்திரி இருந்தாள். தன் தெருவுக்கு வரப்போகும் வெளிநாட்டு உதவியை அவளே லட்சுமணன் வீட்டு அடுப்பில் கிளறினாள்.

“உப்பு பாத்துப் போடு சாவித்திரி” என்றாள் லட்சுமணனின் மனைவி தாட்சாயிணி. “வெளிய போறது.”

கிளறி முடித்து, கட்டிக் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொள்வதற்காகச் சாவித்திரி தன் வீட்டுக்குப் போனாள்.

பிற்பகலில் மழை விட்டது. கீழ்த்தளம் காய்ந்தது. இறைக்கத் தண்ணீர் இல்லாமல் மோட்டார் நின்றது. தேச நலன் துடைக்கப்பட்டு, சார்ஜில் போடப்பட்டது. மதிலுக்கு அந்தப் பக்கமும் தண்ணீர் வடியத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து உதவி புறப்பட்டது.

படகில் லட்சுமணன், பொட்டலங்கள், போனில் நேரலை எடுக்கும் காவ்யா. கயிற்றை உத்தமன் இழுத்தார். அவருடைய மண், அவர் கால் படலாம்.

சாவித்திரி வீட்டுக்குச் சற்று முன்னால் படகு தரை தட்டியது.

சாவித்திரி வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் பிரிட்ஜ் தெரிந்தது. கடைசிக் கல் நனையாமல் இருந்தது. லட்சுமணனுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

“எறங்கி வா சார், கணுக்கால் தண்ணிதான்.”

“எறங்கக் கூடாதும்மா. மூணாவது தீர்மானம்.”

“அப்ப அங்கேர்ந்தே தூக்கிப் போடு. புடிச்சிக்கிறேன்.”

“தூக்கிப் போட்டா அவமானப்படுத்தின மாதிரி இருக்கும் சார்” என்றாள் காவ்யா.

“சரி, நானே வந்து வாங்கிக்கிறேன்.”

“அவங்க வந்து வாங்கினா பிச்சை மாதிரி இருக்கும். நாமதான் கொண்டு போய்க் குடுக்கணும்.”

உத்தமன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு பீடி பற்ற வைத்தார். “நடத்துங்கோ.”

செங்கல்வராயன் போனில் வந்தார். “நேரலையில பாத்துக்கிட்டு இருக்கேன். ஏன் நின்னுட்டீங்க?”

“தண்ணி பத்தல சார்.”

“கீழ்த்தளத்துல தண்ணி தீர்ந்துபோச்சே. பரவாயில்ல, நீச்சல் குளம் இருக்கு. எவ்வளவு வேணும்?”

லட்சுமணன் பிரிட்ஜைப் பார்த்தார். நனையாத கல்லைப் பார்த்தார். முடியாது என்ற சொல்லைத் தேடினார். அது அவரிடம் இருந்ததில்லை.

“கொஞ்சம் போதும் சார்.”

கொஞ்சம் கேட்டால் கொஞ்சம் கொடுப்பது சிறிய நாடுகளின் வழக்கம். மதிலுக்கு அப்பால் மோட்டார் உறுமியது. குளோரின் மணத்தோடு, கண்ணாடி போன்ற தண்ணீர் தெருவில் இறங்கியது. படகு அசைந்தது, எழுந்தது, வாசலைத் தாண்டி, சாவித்திரியின் கூடத்துக்குள்ளேயே போய் நின்றது. பிரிட்ஜ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கதவு திறந்துகொண்டது. மாவுக் குண்டான் மிதந்து வந்து படகை முட்டியது.

கால் நனையாமல், எழுந்துகூட நிற்காமல், லட்சுமணன் முதல் பொட்டலத்தை நீட்டினார். சாவித்திரி வாங்கிக்கொண்டாள்.

“உப்பு நான் சரியாத்தான் போட்டேன் சார்” என்றாள். “தண்ணிதான் நீ ஜாஸ்தி ஊத்திட்டே.”

சங்கத்தின் மாத இதழில் அட்டைப்படம் அதுதான். கீழே லட்சுமணன் கையெழுத்திட்ட வரிகள்: “அண்டை நாடு தவிக்கும்போது நாம் கைகட்டி நின்றதில்லை. உதவி போய்ச் சேரும் அளவுக்கு அங்கே வெள்ளம் இல்லாதபோது, நம் நீச்சல் குளத்தையே தியாகம் செய்து, வெள்ளத்தையும் நாமே அனுப்பி வைத்தோம்.”