இரண்டாவது ஆட்டம்

இந்த வீட்டில் இனி நான்தான் தலைவன் என்று முடிவு செய்தேன். முடிவு செய்த இடம் குளியலறை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

பிரச்சினை பின்னறை. என் ஓட்டை ரேடியோக்களும் சாய்வு நாற்காலியும் நானும் நிம்மதியாக வாழும் ஒரே இடம். அதில் தையல் வகுப்பு நடத்த வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே ஏற்றி இறக்குபவன். வீட்டில் என்னை ஏற்றி இறக்க ஒருத்தி போதும்.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் புலம்பினேன்.

"சத்தம் போட்டுப் பார்த்தீங்களா?"

"போட்டேன் டாக்டர். காதுல பஞ்சு வெச்சுக்கிட்டா."

"அதான் தப்பு. அந்தப் பழைய தாதா படம் பாருங்க. துறைமுகத்தையே கைக்குள்ள வெச்சிருப்பார் ஒரு பெரியவர். குரலை உயர்த்தவே மாட்டார். மெதுவா 'முடியாது'ம்பார். எதிர்ல நிக்கிறவனுக்கு வேர்த்துக் கொட்டும்!"

அன்று மாலையே அந்தப் படத்தைத் தனியாகப் பார்த்தேன். கடைசியில் பெரியவரின் டிரைவரே அவரைக் காட்டிக்கொடுத்தபோது நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். பிறகு கண்ணாடி முன்னால் நின்று 'முடியாது' பழகினேன்.

மறுநாள் காலை அவளே ஆரம்பித்தாள்.

"என்னங்க, பின்னறையைக் காலி பண்ணலாமா?"

ஜன்னலைப் பார்த்தேன். "முடியாது," என்றேன், இலை விழுகிற மாதிரி.

"என்னது?"

"முடியாது."

"ஐயையோ, தொண்டை கட்டிடுச்சா? வாயைத் திறக்காதீங்க!"

உப்புப் போட்ட வெந்நீர் வந்தது. கொப்பளித்தேன். பெரியவர் கொப்பளித்ததாகப் படத்தில் காட்சி இல்லை.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அந்தப் படமா? ஒரு தடவைதான் பார்த்தீங்களா? அப்ப நீங்க பார்க்கவே இல்லை. எங்கப்பா தியேட்டர்ல அதை மாசக்கணக்கா ஓட்டினாரு. நான் ஆபரேட்டர் ரூம்லயே வளர்ந்தவ. ஞாயித்துக்கிழமை சேர்ந்து பார்ப்போம். அதுக்கப்புறமும் நீங்க 'முடியாது'ன்னா, நான் அந்த ரூம் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஞாயிறு மதியம் ஹாலில் உட்கார்ந்தோம். சத்தத்தை அவளே கூட்டி வைத்தாள்.

"டிரைவரைப் பாருங்க."

"அவன் கடைசியிலதானே வருவான்?"

"முதல் காட்சியிலேயே நிக்கிறான்."

நின்றான்! பெரியவருக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டுச் சிரிக்கிறான். அவர் முகம் திரும்பிய பிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் தங்குகிறது. எனக்குப் புல்லரித்தது.

"முதல் தடவை அடுத்து என்ன, அடுத்து என்னன்னு ஓடுவோம்," என்றாள் அவள். "ரெண்டாவது தடவை நமக்குத் தெரியும், பெரியவருக்குத் தெரியாது. அதுலதான் ருசியே."

"ஐயோ, அவனைப் போய் 'மகனே'ங்கிறாரே! சார், பின்னாடி பாருங்க சார்!" என்று பெரியவருக்குப் புத்தி சொன்னேன். அவள் என் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"இப்ப அவர் பொண்டாட்டியைக் கவனிங்க."

"அந்தம்மாவுக்கு வசனமே இல்லையே?"

"அவர் 'முடியாது'ன்னு சொல்றதுக்கு முன்னாடி எங்க பார்க்கிறார்?"

பார்த்தேன். மூலையில் அந்தம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள். ஊசி ஓடினால் சரி. ஊசி நின்றால் முடியாது. அடப்பாவி! துப்பாக்கிக்கு அஞ்சாதவன் ஊசியைப் பார்த்து ஊரை ஆண்டிருக்கிறான்!

துறைமுகச் சண்டை வந்தது. டுமீல், டுமீல். சுவரே அதிர்ந்தது.

"முதல் தடவை இவ்வளவு குண்டு வெடிக்கலையே?"

"ரெண்டாவது தடவை எல்லாமே நல்லாக் கேட்கும்ங்க."

படம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவ்வளவு சந்தோஷமாக நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று! ஆனாலும் கொள்கை கொள்கைதானே? எழுந்தேன். ஜன்னலைப் பார்த்தேன்.

"முடியாது."

அற்புதமாக வந்தது.

"அப்படியே பெரியவர் குரல்!" என்று கைதட்டினாள் அவள்.

எங்கள் முதுகுக்குப் பின்னால், பின்னறைக் கதவு திறந்தது. மரத்தூளைத் தட்டியபடி தச்சர் வந்தார்.

"அக்கா, அலமாரி அடிச்சாச்சு. நீங்க சொன்னபடி படத்துல சுடும்போது மட்டும்தான் ஆணி அடிச்சேன்."

அவருக்குப் பின்னால் என் சாய்வு நாற்காலி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பல் டாக்டர் வந்தார்.

"டாக்டர், நீங்களுமா?"

"தையல் வகுப்புல முதல் ஆளா என் வீட்டுக்காரி சேர்ந்திருக்கா சார். அவளும் மெதுவாத்தான் பேசினா."

"அப்ப இந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னது யார் யோசனை?"

டாக்டர் பதில் சொல்வதற்கு முன்னால் என் மனைவியைப் பார்த்தார்.

"ஏம்மா, சத்தியம் பண்ணினியே!"

"ரூம் பேச்சை எடுக்க மாட்டேன்னேன். எடுத்தேனா?"

எடுக்கவில்லைதான். ரூமைத்தான் எடுத்துக்கொண்டாள்.

"சார், துணி வெட்டுற மேசை வாசல்ல இருக்கு, ரொம்பக் கனம்," என்றார் தச்சர். "அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தேன்.