சத்தமில்லாமல் விறகு பிளந்த கதை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது என் தொழில் அல்ல. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சங்கக்கடையில் அரிசியும் மண்ணெண்ணெயும் அளந்து கொடுக்கிறவன் நான். அதுவும் ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்கு வராது. தராசைப் பார்த்துத்தான் கதைப்பேன். (தராசும் என்னைப் பார்த்து வெட்கப்படுகிறது என்று மனைவி சொல்வாள்.) சனசமூக நிலைய மலருக்கு அந்த மெஷின் கதையை எழுதித் தரும்படி கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என் வாழ்க்கையில் வந்த எல்லாக் கரைச்சலும் இந்த வழியால்தான் வந்தது. இந்தக் கட்டுரையும் அப்படியே.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, கலியாணம் முடித்த நாளிலிருந்து மனைவி யோகேஸின் வீட்டில்தான் இருக்கிறேன். அளவெட்டியில் ஓர் ஒழுங்கை, ஒடுக்கமான சின்னத் தெரு. யோகேஸின் அப்பாவான மாமாவும் நானும் இவ்வளவு காலம் ஒரே கூரைக்குக் கீழே கதைத்ததை எல்லாம் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதலாம். "சாப்பிட்டீரோ?" "ஓம் மாமா." அவ்வளவுதான். ஒரே ஒரு முறை அவர் என்னை வளவின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், அங்கே நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரத்தைத் தடவி, "தம்பி, இது என்னோடை போற மரம்" என்று சொன்னார்.

ஊருக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பந்தல் போட முன்னமே நாலு பேர் கோடாலியோடு வளவின் பின்பக்கம் போவார்கள். ஒரு மாமரம் சரியும். பிளந்த விறகு சுடலைக்குப் போகும். மாமா தனக்கென்று ஒரு மரத்தை உயிரோடு இருக்கும்போதே சொல்லி வைத்திருந்தார். அது ஒழுங்கை முழுக்கத் தெரிந்த விஷயம். மாங்காய்க்குக் கல்லெறிகிற பெடியளும் அந்த மரத்துக்கு மட்டும் எறிய மாட்டார்கள்.

மாமாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்து தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அந்த மரம் விழுந்தது. காற்றில்தான் விழுந்தது என்று சொல்கிறோம். ஆனால் பக்கத்தில் நின்ற வாழை ஒன்றுகூடச் சரியவில்லை. மரம் மட்டும், யாரோ கூப்பிட்டதுபோல, வீட்டை நோக்கி விழுந்து கிடந்தது.

முன்வீட்டுத் தவம் அண்ணை மோட்டர் வாளைக் கொண்டு வந்து அடிமரத்தை முழ நீளத் துண்டுகளாக, குத்தி குத்தியாக அறுத்துத் தந்தார். செத்தவீடென்றால் பந்தல், கதிரை, பறை எல்லாம் ஒழுங்குபடுத்துகிறவர் அவர்தான். அறுத்து முடித்துக் கையைத் துடைத்தவர், குத்திகளைப் பார்த்தார், பிறகு வீட்டைப் பார்த்தார்.

"கிடக்கட்டும் தம்பி. தேவைப்படும்."

சமையல் காஸுக்கு விடிய விடிய வரிசையில் நின்ற காலம் அது. அடுப்புக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "ஓம் அண்ணை, கட்டாயம் தேவைப்படும்" என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மாமாவை வீட்டுக்கு விட்டபோது டொக்டர் ஒன்றுதான் சொன்னார். பயப்படுத்துகிற எதுவும் அவர் காதில் விழக்கூடாது, கண்ணிலும் படக்கூடாது. மரம் விழுந்ததை நாங்கள் சொல்லவில்லை. மாமாவின் அறை யன்னல் முன்பக்கம் இருந்ததால் தப்பினோம். ஆனால் அவர் மெல்ல மெல்ல எழும்பி இருக்கத் தொடங்கிவிட்டார்.

"இஞ்சேருங்கோ," யோகேஸ் என் காதுக்குள் சொன்னாள். "அப்பா நடக்க வெளிக்கிட முதல் உந்தக் குத்தியள் கண்ணிலை படாமல் போக வேணும். தன்ரை மரம் விழுந்து கிடக்கிறதைக் கண்டாரெண்டால் அண்டைக்கே போயிடுவார்."

"பிளந்து குசினிக்குள்ளை அடுப்புக்கு மேலை பரணிலை அடுக்கிவிடுவம். பிளந்தால் என்ன மரமெண்டு தெரியாது."

"பிளவுங்கோ. ஆனால் கோடாலிச் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் அவருக்கு விளங்கிடும்."

"சத்தமில்லாமல் எப்பிடியப்பா பிளக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? ஆம்பிளை நீங்கள்தானே."

(கோடாலி எனக்கு எப்படியும் சரிவராது. முன்னர் ஒருநாள் ஒரு வேப்பங்குத்தியைக் கொத்தினேன். கோடாலி இறுகி, தூக்கியபோது குத்தியும் சேர்ந்து மேலே வந்தது. கொஞ்ச நேரம் இரண்டையும் தூக்கியபடியே நின்றேன்.)

இப்படித்தான் சுன்னாகத்தில் ஒரு இரும்புக் கடைக்குப் போனேன். கரண்ட் இல்லாத நேரம். கடைக்காரர் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பின் அறைக்குக் கூட்டிப் போனார். கோயில் வாகனசாலைக்குள் விளக்கில்லாமல் நிற்கிற வாகனங்கள்போல மெஷின்கள் இருட்டுக்குள் வரிசையாக நின்றன.

"இது கரண்டிலை ஓடுறது," என்று ஒரு கூர்மையான இரும்புக் கொம்பைத் தடவினார். "திருகாணி மாதிரிச் சுத்திச் சுத்தி மரத்துக்குள்ளை இறங்கும். கையை வைச்சால் கையுக்குள்ளையும் இறங்கும்." தன் பிள்ளை வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அடுத்தது பெற்றோல் எஞ்சின். அதன் சத்தம் கீரிமலை வரைக்கும் கேட்கும் என்றார். மூன்றாவது, நடுவில் ஆப்பு வைத்த இரும்பு வளையம். குத்தியை அதற்குள் நிறுத்திச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். ஒருமுறை அடித்துக் காட்டினார். கோயில் மணிபோலக் கேட்டது.

"சத்தம் போடாதது ஒண்டும் இல்லையோ?" என்று நிலத்தைப் பார்த்துக் கேட்டேன்.

அவர் வெளிச்சத்தை மூலைக்குத் திருப்பினார். அங்கே சிவப்பு நிறத்தில் நீளமாக ஒன்று படுத்திருந்தது. லொறி தூக்குகிற ஜாக்கைக் கிடையாகப் போட்டதுபோல. ஒரு முனையில் ஆப்பு, மறுமுனையில் தகடு. கைபிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் தகடு குத்தியை மெல்ல மெல்ல ஆப்பில் கொண்டுபோய் நெரிக்கும்.

"மெஷினுக்குச் சத்தமே இல்லை."

(மெஷினுக்கு என்றுதான் சொன்னார். மரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.)

"என்ன மரம் தம்பி?"

"மாமரம்."

அவர் மெஷினிலிருந்து கையை எடுத்தார். அதற்குப் பிறகு விலை பேசவும் இல்லை. "கொண்டு போங்கோ," என்றார், மிக மெதுவாக.

அடுத்த நாள் பின்னேரம் தொடங்கினேன். ஐப்பசி மாதத்து மழை இருட்டு. ஒரு காகம்கூடக் கத்தவில்லை. முதல் குத்தியை வைத்துக் கைபிடியை ஆட்டினேன். உண்மையில் மெஷின் மூச்சுக்கூட விடவில்லை. தகடு நகர்ந்தது. ஆப்பு பதிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மரம், நித்திரையில் புரண்டு படுக்கிற ஆள் முனகுவதுபோல, நீளமாக ஒரு சத்தம் போட்டது. அது முடிய, படாரென்று இரண்டாக விழுந்தது.

வீட்டுக்குள் மாமா செருமினார்.

நான் கைபிடியை விட்டுக் காதைக் கொடுத்தேன். சத்தமில்லை. திரும்ப ஆட்டினேன். முனகல், படார். உள்ளே செருமல். நிறுத்தினேன், செருமலும் நின்றது. மூன்றாவது குத்தியிலும் அப்படித்தான். ஏதோ ஒரு கயிறு குத்தியிலிருந்து சுவருக்குள்ளால் போய் மாமாவின் தொண்டையில் கட்டியிருப்பதுபோல இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. யோகேஸ் வந்து கேட்டால் பாதியில் விட்டேன் என்று சொல்ல வேண்டிவருமே!

நாலாவது குத்தியில், ஒழுங்கைப் பக்கத்து வேலிக்கு மேலால் தவம் அண்ணையின் தலை தெரிந்தது. கோடாலிச் சத்தம் கேட்காமல் மரம் பிளக்கிற சத்தம் மட்டும் கேட்டால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? அவர் பிளந்த மாவிறகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வியர்வையில் என் முகம் நனைந்திருந்தது. மாம்பால் பட்டு இரண்டு கண்ணும் சிவந்து தண்ணீர் வடிந்தது.

"தம்பி... ஐயா...?" என்றார்.

மாமாவுக்குக் கேட்டுவிடும் என்ற பயத்தில் விரலை வாயில் வைத்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் கண்ணை மூடினார். கைகூப்பினார். தலை மறைந்தது. எவ்வளவு விளக்கமுள்ள மனுசன் என்று நினைத்தேன்.

இருட்டத் தொடங்குகிற மைமல் பொழுது இறங்கியது. ஒழுங்கையில் ஏதோ மாறியிருந்தது. சைக்கிள்கள் மணி அடிக்காமல் வந்து நின்றன. மோட்டார் சைக்கிள் ஒன்று மூலையிலேயே எஞ்சினை நிறுத்தி உருட்டப்பட்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வேலிக்கு மேலால் முகங்கள். வரிசையாக. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். அவர்களும் தலையை ஆட்டினார்கள். பலர் வெள்ளை உடுத்திருந்தார்கள். செத்தது நான்தானோ என்று ஒரு கணம் யோசித்தேன். அப்படியென்றாலும் கேட்க வெட்கமாகத்தான் இருந்திருக்கும்.

என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு குத்தியை வைத்தேன். முனகல். படார்.

உள்ளே செருமல் வரவில்லை.

காத்து நின்றேன். வரவில்லை. இன்னொன்று. படார். அதற்கும் செருமல் இல்லை. மாமாவைக் காப்பாற்ற வாங்கிய மெஷினால் மாமாவைக் கொன்றுவிட்டேன் என்று திரும்பினேன்.

எனக்குப் பின்னால், ஒரு முழத் தூரத்தில், வெள்ளை வேட்டியோடு மாமா நின்றார்.

அதே நேரம் பின்படலை திறந்தது. பரமேஸ் அக்கா வந்தார். மாமா அவருக்குச் சித்தப்பா முறை. ஊரில் எந்தச் செத்தவீட்டிலும் ஒப்பாரியைத் தொடங்கி வைப்பவர் அவர்தான். தலைமயிர் அவிழ்ந்திருந்தது. இரண்டு கையும் மேலே தூக்கியாயிற்று.

"ஐயோ, என்ரை குஞ்சியப்ப்ப்..."

மாமாவைக் கண்டார். கை மேலேயே நின்றது. வாய் திறந்தபடியே நின்றது. மிச்சம் வரவே இல்லை.

மாமா கவலையோடு கேட்டார்: "ஆர் பிள்ளை செத்தது?"

பரமேஸ் அக்கா விறகுக் குவியலில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். வேலிக்கு மேலால் இருந்த அத்தனை முகமும் மாமாவை விட்டு என்னிடம் திரும்பின. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வசனம் இருந்தது. அதைச் சொன்னேன்.

"இன்னும் ஒருத்தரும் இல்லை மாமா."

('இன்னும்' என்ற சொல்லை ஏன் போட்டேன் என்று யோகேஸ் இன்றுவரை கேட்கிறாள்.)

அவள் குசினியிலிருந்து ஓடி வந்தாள். "அப்பா! ஆர் உங்களை எழும்பச் சொன்னது?" மாமா அவளைப் பார்க்கவில்லை. விறகைத்தான் பார்த்தார். குனிந்து ஒரு துண்டை எடுத்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். நாங்கள் மறைக்கப் பாடுபட்டது அவருடைய கையில் இருந்தது. யோகேஸ் என் சேட்டுக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"கறுத்தக்கொழும்பான்," என்றார் மாமா.

"காத்திலை மாமா... நீங்கள் ஆஸ்பத்திரியிலை..."

"தெரியும். முதல் குத்தி பிளந்த உடனை மாம்பால் மணம் வீட்டுக்குள்ளை வந்திட்டுது." என்னை நேராகப் பார்த்தார். "நான் செருமினது உமக்குக் கேட்கேல்லையோ?"

"கேட்டது மாமா."

"நான் இன்னும் இருக்கிறன் எண்டு காட்டத்தான் செருமினனான். ஒவ்வொருக்கால் பிளக்கேக்கையும் செருமினனான். நீர் நிப்பாட்டிறதாய்த் தெரியேல்லை. பிறகுதான் எழும்பி வந்தனான்."

அந்த மெஷினுக்குள் என் தலையை வைத்துக் கைபிடியை வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டும்போல இருந்தது.

இந்த நேரம் பார்த்துப் பின்படலைக்கு வெளியே, பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து நின்றது. பெட்டி நிறையப் பிளாஸ்டிக் கதிரைகள். மேலே தவம் அண்ணை. மாமாவைக் கண்டதும் ஒரு கதிரைக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"ஒளியாதை தவம். கொண்டு வந்தனிதானே, இறக்கு," என்றார் மாமா. "வந்த சனம் நிண்டபடி நிக்குது. பிள்ளை, தேத்தண்ணி வை."

கதிரைகள் வரிசையாகப் போடப்பட்டன. எல்லாரும் இருந்தார்கள். மாமா நடுவில் இருந்தார். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் செத்தவரோடு இருந்து தேத்தண்ணிக்குப் பார்த்துக்கொண்டிருந்ததை எங்கள் ஒழுங்கை அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. காஸும் இல்லை. ஏதாவது உதவி செய்வோம் என்று நான் ஒரு துண்டு மாவிறகை எடுத்து அடுப்புக்குள் வைத்தேன்.

பச்சை விறகு. எரியவில்லை. புகைந்தது. குசினி நிறைந்து, முற்றம் நிறைந்து, கதிரை வரிசை முழுக்கப் புகை மூடியது. எல்லாருடைய கண்ணிலும் தண்ணீர் ஓடியது. பரமேஸ் அக்காவுக்கு அடைபட்டிருந்த அழுகை அப்போதுதான் முழுதாக வந்தது. புகைக்குள்ளிருந்து மாமாவின் குரல் மட்டும் கேட்டது.

"பாத்தீரோ தம்பி? ஈரம். உந்த விறகை வைச்சு என்னை எரிக்கேலாது. காயட்டும்."

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. மாமா இருக்கிறார். நாள்தோறும் பின்பக்கம் போய் இரண்டு விறகை ஒன்றோடொன்று தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். "காயேல்லை," என்று சொல்லிவிட்டு வந்து பிளேன்ரீ குடிப்பார். அந்த விறகில் ஒரு துண்டைக்கூட ஒருவரும் எடுப்பதில்லை. மெஷின் சாக்கால் மூடிக் கொட்டிலுக்குள் படுத்திருக்கிறது. இரவல் கேட்டு ஒருவரும் வரவில்லை. கனடாவிலிருந்து மச்சான் போன் எடுத்தால் அப்பா சுகமோ என்று கேட்பதில்லை. "விறகு காய்ஞ்சிட்டுதோ?" என்றுதான் கேட்பான். "இன்னும் இல்லை" என்போம். அவன் சிரித்துக்கொண்டு போனை வைப்பான்.

ஒன்று மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. காற்றே இல்லாத பின்னேரங்களில் அந்தக் குவியலுக்குள் ஏதாவது ஒரு துண்டு தானாகப் படாரென்று வெடிக்கும். உடனே உள்ளே மாமா செருமுவார்.

அந்தக் கூத்துக்கு அடுத்த நாள் விடியவே மழை பிடித்தது. தறப்பாளைத் தூக்கிக்கொண்டு விறகை மூட ஓடினேன். மாமா குசினி வாசலில் கதிரை போட்டு இருந்தார்.

"விடும் தம்பி, நனையட்டும்," என்றார்.

தறப்பாளை மடித்து வைத்துவிட்டுச் சங்கக்கடைக்குப் போனேன்.