நன்றாக வளர்ந்ததைக் கொட்டிய சோறூட்டி

கீரனூரில் பிறந்தவர்களிலும் சரி, குடிவந்தவர்களிலும் சரி, சோறூட்டியைப் போல இன்னொரு கிறுக்கனைச் சாமி படைக்கவில்லை. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தான். தம்பி மாதிரி ஆகிவிட்டதால் அவன் இவன் என்றே எழுதுகிறேன்.

திருச்சிப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. கரு உண்டான புதிதில், கையும் காலும் பிரியுமுன், எதுவாகவும் ஆகாத செல் இருக்குமாம். அதைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கிறார்கள். எதில் வளர்த்தால், எவ்வளவு காலம் வளர்த்தால், பின்னால் நோயாளி உடம்பில் வைக்கும்போது ஆபத்து வராது என்று பார்ப்பதுதான் அவன் வேலை. அவன் சொல்லி எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

தட்டில் ஊற்றும் சத்துநீரைத் தினமும் மாற்ற வேண்டும். அதனால் பொங்கல், தீபாவளி எதுவும் கிடையாது. “புள்ளைகளுக்குச் சோறு வைக்கணும்க்கா” என்று பஸ் ஏறிவிடுவான். தன் நிச்சயதார்த்தத்தில், தாம்பூலத் தட்டு மாற்றுவதற்கு முன்பே எழுந்து போய்விட்டான். பெண் வீட்டார் இருந்து, பாயசம் வரைக்கும் சாப்பிட்டு, சம்பந்தத்தையும் முறித்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து தெருவுக்கே அவன் சோறூட்டி.

சுத்தம் வேறு. சட்டைப்பையில் எப்போதும் ஸ்பிரிட் பாட்டில். பஸ் கம்பியில் அடிப்பான். இது பஸ்ஸா ஆபரேஷன் தியேட்டரா என்று கண்டக்டர் சண்டைக்கு வருவார். நான் திருநீறு கொடுத்தால் முதலில் நெற்றியில் ஸ்பிரிட் தடவிக்கொண்டுதான் குனிவான். தன்னால் சாமிக்கு ஏதும் ஒட்டிவிடும் என்று பயந்தான் போல.

என் வீட்டுக்காரர் நெல் லாரியிலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டது அந்தச் சமயத்தில்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. புரண்டு படுக்கக்கூட நான் வர வேண்டும். பிற்காலத்தில் இந்தச் செல் முதுகுக்கும் உதவலாம் என்று சோறூட்டி ஆறுதலுக்குச் சொல்லிவைத்தான். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

குன்றாண்டார்கோவிலுக்குப் போய் அழுதேன். பிறகு மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு முளைப்பாரி போட்டேன். சட்டியில் எருவும் மண்ணும் போட்டு, தானியம் தூவி, இருட்டறையில் வைத்து விரதம் இருந்தேன். அந்த வருடம் தெருவிலேயே என் முளைதான் உயரம். நன்றாக வளர்ந்தால் அம்மன் சம்மதித்துவிட்டாள் என்பது எங்கள் நம்பிக்கை. ஆசையாகச் சோறூட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. “எங்க கூடத்துல இப்படி வளந்தா பயப்படுவோம்க்கா” என்றான். கும்மியடிக்க வந்திருந்த பெண்கள் அவனை அடிக்காமல் விட்டதே பெரிது.

அதே வாரம் ஏதோ ஒரு கிளினிக்கின் ஏஜென்ட் வந்தார். முதுகில் செல் ஊசி போட்டால் எழுந்து நடக்கலாம் என்றார். போனில் படம் காட்டி, எங்கள் செல் மளமளவென்று தட்டு நிறைய வளரும் என்றார். முளைப்பாரியும் வளர்ந்தது, இதுவும் வளர்கிறது, அம்மன்தான் ஆள் அனுப்பியிருக்கிறாள் என்று நான் தலையாட்டிவிட்டேன்.

சோறூட்டி கேள்விப்பட்டு மாடியிலிருந்து ஓடிவந்தான். எதில் வளர்த்தது, எத்தனை தரம் தட்டு மாற்றியது, உள்ளே கெட்டிருக்கிறதா என்று சோதித்தார்களா என்று கேட்டான். எல்லாம் இம்போர்ட்டட் என்றார் ஏஜென்ட். அவரை அனுப்பிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தான்.

“தட்டுல வேகமா வளருறது மேலதான் மாமா சந்தேகம் வரும். ரொம்ப நாள் வளத்தா சிலது உள்ளுக்குள்ள மாறிப்போயி, மத்ததை அமுக்கிட்டு அது மட்டும் பெருகும். ஒடம்புக்குள்ள போனா கட்டியாயிரலாம். இருந்ததுலயே நல்லா வளந்ததைத்தான் நேத்து நான் கொட்டுனேன்.”

“கொட்டுனதுல கொஞ்சம் எனக்குக் குடுத்திருக்கலாம்ல.”

“மாமா.”

“கட்டி வந்தா வரட்டும்டா. நானே ஆஸ்பத்திரிக்கு நடந்து போயி காட்டிட்டு வாரேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோறூட்டி சிரிக்கவில்லை.

“நடக்க வைக்கும்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது மாமா. எதுல வளந்ததுன்னு தெரியாததை ஒங்க முதுகுல போட நான் சம்மதிக்க மாட்டேன்.”

ஏஜென்டுக்கு நானே போன் போட்டு வேண்டாம் என்றேன். வீட்டுக்காரரின் கோபம் என் மேல் வரவில்லை, அவன் மேல் போயிற்று. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே, “என்னைச் செவுத்துப் பக்கம் திருப்பி விடு” என்பார். திருப்பி விடுவேன். சோறூட்டி வாசலில் நின்று அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவான். ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விளக்கு வைக்கும்போதெல்லாம் அம்மனிடம் கேட்கிறேன். அவளும் சொல்லவில்லை.

போன தை மாதம் அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. பெட்டிகளை இறக்கும் சத்தம் கேட்டது. சுவர்ப் பக்கம் படுத்திருந்தவர் மெதுவாகச் சொன்னார்:

“இங்கிட்டுத் திருப்பி விடு. போறவன் மூஞ்சியப் பாக்கணும்.”

நான் கைகழுவிவிட்டு வருவதற்குள் சோறூட்டி உள்ளே வந்து, முதுகுக்கடியில் கையைக் கொடுத்து, அவரைத் தன் பக்கமாகத் திருப்பி, தலையணையையும் சரிசெய்துவிட்டான். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் போய் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.